ஒன்பதாங்கட்டைப் பால் ஸ்டோரின் தரை

சிவமயம்

ஒன்பதாங்கட்டைத் தோட்டம்,
அலோர்காஜா ரோடு, மலாக்கா
9-1-1936

தெங்கேரா, திருமதி பெரியநாயகி பிச்சைமுத்து அவர்களுக்கு,

இந்தத் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் பெரிய கிராணி விஜயரட்ணம் எழுதுவது. நாம் ஒருவரையொருவர் கண்டதில்லை. ஆனால் தங்கள் கணவர், காலஞ்சென்ற பிச்சைமுத்து கண்ட்ராக்டர் போட்ட தரையில் நான் பலமுறை நடந்திருக்கிறேன். தெங்கேராவில் நான் மூக்குக்கண்ணாடி வாங்கும் கடையின் சிவப்புத் தரை அவருடையது என்று அந்தக் கடை முதலாளி, சீனத் தௌக்கே, சொன்னார். அவர் போன பிறகு தொழிலைத் தாங்களே நடத்துவதாகவும் சொன்னார்.

எங்கள் பால் ஸ்டோருக்குப் புதுத் தரை வேண்டும். மரத்திலிருந்து எடுத்து வரும் ரப்பர் பாலை ஆசிட் விட்டு உறைய வைத்து, ரோலர் மிஷினில் கொடுத்து ஷீட்டாக இழுக்கிற கொட்டகை அது. இருக்கிற தரையை ஆசிட் தின்று தீர்த்துவிட்டது. சல்லியெல்லாம் பல்லை இளிக்கிறது. போன மாதம் ரோலரில் வேலை செய்யும் பெத்தம்மாள் என்பவள் சறுக்கி விழுந்தாள். பக்கத்தில் நின்றவள் சேலையைப் பிடித்து இழுத்திராவிட்டால் கை மிஷினுக்குள் போயிருக்கும். அதன்பிறகுதான் துரை புதுத் தரைக்குச் சம்மதித்தார். எந்த வகைத் தரை, எந்தக் கண்ட்ராக்டர் என்று பார்த்துத் தேர்ந்தெடுக்கிற வேலையை என் தலையில் கட்டினார். தரையைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அதன் மேல் நிற்க வேண்டும் என்பது மட்டுமே.

வேறு இரண்டு கண்ட்ராக்டர்களையும் விசாரித்திருக்கிறேன். என் விருப்பம், அந்தக் கண்ணாடிக் கடையைப் போல வடிவான, முகம் தெரிகிற சிவப்புச் சிமெண்டுத் தரை. தங்களால் ஆகுமா என்று தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
க. விஜயரட்ணம்

*

முருகன் துணை

தெங்கேரா
16-1-1936

பெரிய கிராணி ஐயா அவர்களுக்கு நமஸ்காரம்.

கடிதம் பொங்கலன்று வந்தது. பானை பொங்கும்போது வந்ததால் நல்ல சேதி என்று என் தங்கச்சி சொன்னாள். நல்ல சேதியா என்பதை ஐயாவின் பதிலைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

ஆகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதைச் சொல்ல எனக்குச் சில விஷயம் தெரிய வேண்டும். அந்தத் தரையில் நடக்கிறவர்கள் செருப்புப் போடுவார்களா, வெறுங்காலா? என்ன சிந்துகிறது, எந்த இடத்தில் சிந்துகிறது? கழுவின தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது? ஓடுகிறதா, நின்றுவிடுகிறதா? உருட்டின ஷீட்டைக் கொடியில் போடுமுன் எங்கே வைக்கிறார்கள்? இதெல்லாம் தெரியாமல் தரை போடுகிறவன் காலைப் பார்க்காமல் செருப்புத் தைக்கிறவன் என்று என் வீட்டுக்காரர் சொல்வார்.

மனசில் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அவர் போன இரண்டு வருஷத்தில் விசாரித்தவர்கள் அநேகம் பேர். எல்லாரும் அன்பாகப் பேசிவிட்டு வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்தார்கள். வாசற்படி, குளியலறை, கோழிக்கூடு என்று சில்லறை வேலையில்தான் வண்டி ஓடுகிறது. காளிமுத்து மேஸ்திரியும் கொத்தனார் நாலு பேரும் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. இந்த வருஷம் ஒரு பெரிய வேலை நம் பேரில் நிற்காவிட்டால் மேஸ்திரி சிங்கப்பூருக்குப் போய்விடுவார். அவர் போனால் என் தொழில் அன்றோடு சரி. ஆகையால், கொடுக்க மனசில்லை என்றால் அன்பாகப் பேச வேண்டாம், சட்டென்று சொல்லிவிடுங்கள்.

பெரியநாயகி

*

சிவமயம்

ஒன்பதாங்கட்டைத் தோட்டம்
22-1-1936

திருமதி பெரியநாயகி அவர்களுக்கு,

தங்கள் கேள்விகளில் ஒன்றுக்குக்கூட எனக்கு விடை தெரியவில்லை. பதினோரு வருடம் இந்த ஸ்டோரின் கணக்கை எழுதிய ஆள் நான். வெட்கமாய்ப் போய், நேற்று ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் ஸ்டோருக்குள் உட்கார்ந்தேன். பெண்டுகள் முதலில் பயந்தார்கள். பிறகு சிரித்தார்கள். பிறகு என்னை மறந்துவிட்டார்கள்.

கண்டதைச் சொல்கிறேன். எல்லாருக்கும் வெறுங்கால். ஆசிட் தண்ணீர் சிந்துவது பால் தொட்டிகளைச் சுற்றி மட்டுமே. மற்ற இடத்தில் சிந்துவது வெறும் தண்ணீர். அது எங்கேயும் ஓடுவதில்லை, ரோலருக்கு முன்னால், பெத்தம்மாள் நிற்கிற இடத்திலேயே தேங்குகிறது. அவள் அதில் நின்றுகொண்டுதான் நாள் முழுக்க வேலை செய்கிறாள். கால்விரல் இடுக்கெல்லாம் வெந்து கிடக்கிறது. ஷீட்டைத் தரையிலேயே அடுக்குகிறார்கள், சாப்பாட்டு நேரம் கழித்துத்தான் கொடியில் போடுகிறார்கள்.

மற்றவர்களில் ஒருவர் தார்த் தரை போடு என்கிறார். இன்னொருவர் செங்கால் மரப்பலகை போடு, பேரன் காலம் வரை உழைக்கும் என்கிறார். இருவரும் ஸ்டோரை வந்து பார்க்கவில்லை, நீள அகலம் மட்டும் கேட்டார்கள். எனக்கு இன்னும் சிவப்புப் பளபளப்பில்தான் ஆசை. இதைப் பிடிவாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

க. விஜயரட்ணம்

*

முருகன் துணை

தெங்கேரா
28-1-1936

பெரிய கிராணி ஐயா அவர்களுக்கு,

நாற்காலி போட்டுத் தரையைப் பார்த்த கிராணியை இப்போதுதான் கேள்விப்படுகிறேன். மேஸ்திரிக்குப் படித்துக் காட்டினேன். இந்த ஆளை நம்பலாம் என்றார்.

பளபளப்புத் தரையை நான் போட மாட்டேன். முகம் தெரிகிற தரையில் ஈரக்கால் நிற்காது. ஐயாவின் முகத்தைப் பார்க்கப் பெத்தம்மாள் கையைக் கொடுக்க வேண்டுமா? தார் வெயிலுக்கு இளகும், அதன் நாற்றம் ஷீட்டில் ஏறும். செங்கால் நல்ல மரம்தான், வீட்டுக்குப் போடலாம். இங்கே இடுக்கில் பால் இறங்கிப் புளித்து, புழு வைத்துவிடும்.

என் யோசனை இது. தொட்டிகளைச் சுற்றி நன்றாக வெந்த செங்கல்லைக் குத்துக்கல்லாக நிறுத்தி, இடுக்கில் மட்டும் தார் விடுவது. ஆசிட் அதைத் தின்னாது. மிச்ச இடமெல்லாம் சிமெண்டு. காயுமுன் கயிறு வைத்து அழுத்திக் கோடு கோடாகச் சொரசொரப்பு எடுப்பது. ரோலருக்கு முன்னாலிருந்து வெளிவாசல் கால்வாய்க்கு வாட்டம் கொடுத்தால், தண்ணீர் பெத்தம்மாள் காலில் நிற்காது. ஆற்று மணல்தான் போடுவேன், கடல் மணல் மலிவு என்று யாராவது சொன்னால் காதை மூடிக்கொள்ளுங்கள். போட்ட பிறகு ஈரச் சாக்குப் போட்டு மூன்று வாரம் யாரும் மிதிக்கக் கூடாது. அதற்குத் துரை சம்மதிப்பாரா?

பெரியநாயகி

*

சிவமயம்

ஒன்பதாங்கட்டைத் தோட்டம்
5-2-1936

திருமதி பெரியநாயகி அவர்களுக்கு,

முகம் பார்க்கிற ஆசையை விட்டுவிட்டேன். இந்த முகத்துக்கு வீட்டுக் கண்ணாடியே போதும் என்று என் மனைவி சற்குணமும் சொல்லிவிட்டாள்.

துரை சம்மதித்தார். மூன்று வாரத்துக்குப் பக்கத்துத் தோட்டத்து ஸ்டோரில் நம் பாலை உருட்டிக்கொள்ள ஏற்பாடு. கண்ட்ராக்டர் ஒரு பெண் என்று அறிந்ததும் புருவத்தைத் தூக்கினார். தரையில் பிசகு வந்தால் யார் பொறுப்பு என்று கேட்டார். தேர்ந்தெடுத்தவன் நான், ஆகவே நானும் பொறுப்பு என்றேன். வாய் முந்திக்கொண்டது. சொன்னதை மாற்றிக்கொள்கிற எண்ணம் இல்லை.

ஆட்களுடன் கெதியில் புறப்பட்டு வாருங்கள். நான் ரத்தக்கொதிப்புக்காக மலாக்கா ஆஸ்பத்திரியில் சில நாள் தங்க வேண்டியிருக்கிறது. பெரிய கங்காணி உங்களைக் கவனித்துக்கொள்வார்.

க. விஜயரட்ணம்

*

சிவமயம்

ஒன்பதாங்கட்டைத் தோட்டம்
23-3-1936

திருமதி பெரியநாயகி அவர்களுக்கு,

வெள்ளிக்கிழமை தரையை ஒப்படைத்தபோது நேரில் கண்டோம். ஆனால் கூட்டத்தில் இரண்டு வார்த்தை கதைக்க முடியவில்லை, ஆகையால் எழுதுகிறேன். துரை வந்து சேருமுன்பே நீங்கள் தெளித்து, சூடம் காட்டி எல்லாவற்றையும் முடித்துவிட்டது நல்லதாயிற்று. அந்தச் சூடத்தை நானும் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். ஒரு தரையைக் கும்பிடுவேன் என்று நான் நினைத்ததில்லை.

தண்ணீரை ஊற்றிப் பார்த்தேன். வாசலை நோக்கி ஓடுகிறது. பெத்தம்மாள் ஓடுகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு குனிந்து கோடுகளைத் தடவிப் பார்த்தாள். சந்தோஷத்தில் நான் மறுநாள் காலைப் பெரட்டில், ஆள் கணக்கு எடுக்கும்போது, எல்லாரையும் நிறுத்தி வைத்து ஒரு பிரசங்கமே செய்துவிட்டேன். ஒப்படைத்த அன்று இருந்தது போலவே இந்தத் தரை எப்போதும் இருக்க வேண்டும், அதற்குப் பெத்தம்மாள்தான் பொறுப்பு என்றேன். அவள் தலையாட்டிய தோரணையைப் பார்த்தபோது எனக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

துரை பக்கத்துத் தோட்டத்துத் துரைகளிடம் உங்கள் பெயரைச் சொல்வதாக இருக்கிறார்.

க. விஜயரட்ணம்

*

ஒன்பதாங்கட்டைத் தோட்டம்
27-4-1936

திருமதி பெரியநாயகி அவர்களுக்கு,

இந்தக் கடிதத்தை எழுதக் கை வரவில்லை. புதுத் தரையில் வேலை தொடங்கியதிலிருந்து, ஷீட்டைப் புகை போட்டு உலர்த்தும் புகை வீட்டிலிருந்து இறங்குவதில் ஒரு பகுதி மிளகு தூவியதுபோலப் புள்ளி புள்ளியாக வருகிறது. வாங்குகிற கம்பெனி இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டது. பழைய தரையில் உருட்டிய காலத்தில் இந்தப் புள்ளி இருந்ததில்லை. தரையிலும் சில நாளில் இளம்பச்சையாகப் பாசி தெரிகிறது. ஸ்டோரின் புளிச்ச நாற்றத்தில் வேறு எதையும் மோப்பம் பிடிக்க முடியவில்லை.

தார்த் தரைக்காரர் நேற்று வந்து பார்த்தார். இது கடல் மணல், கோலா சுங்கை பாருப் பக்கத்திலிருந்து படகில் வந்த மணலாக இருக்கும், உப்பு இருப்பதால் ஈரத்தை இழுத்துப் பாசி பிடிக்கிறது என்று துரையிடம் சொல்லிவிட்டார். துரை அடுத்த மாத முடிவில் தரையை உடைத்தெடுத்து அவரிடம் கொடுக்கப் போகிறார். நான் ஆஸ்பத்திரியில் கிடந்தேன், மணல் வந்ததைப் பார்க்கவில்லை. ஆற்று மணல்தான் போட்டீர்கள் என்று நான் எதை வைத்துச் சொல்வது?

க. விஜயரட்ணம்

*

தெங்கேரா
30-4-1936

பெரிய கிராணி ஐயாவுக்கு,

சிவமயம் போடாமல் எழுதியிருந்தீர்கள். நானும் முருகனைக் கூப்பிடவில்லை.

எதை வைத்துச் சொல்வது என்று கேட்டால் என் வார்த்தையை வைத்துத்தான். அது போதாதென்றால், தரையில் ஓர் ஓரத்தைக் கொத்தி எடுத்து நாக்கில் வைத்துப் பாருங்கள், உப்புக் கரிக்கிறதா என்று. நான் மிச்சம் வந்த மணலை வாயில் போட்டுப் பார்த்தேன். இந்த வயசில் மணல் தின்கிறேன் என்று தங்கச்சி அழுகிறாள். மணல் சேதி அதற்குள் பாசார் வரைக்கும் வந்துவிட்டது. பிச்சைமுத்து பெண்சாதி கடல் மணல் போட்டாள் என்று மீன் விற்கிறவள்கூடச் சொல்கிறாள். மேஸ்திரி பெட்டியைக் கட்டி வைத்திருக்கிறார். தரையை உடைக்கிற அன்று நான் கடையைச் சாத்திவிடுவேன்.

கோபத்தை இத்தோடு நிறுத்துகிறேன், ஏனென்றால் ஒரு விஷயம் எனக்கு விளங்கவில்லை. ராத்திரி படுத்தால் அதுதான் மண்டைக்குள் ஓடுகிறது. மணல் கெட்டதென்றால் எல்லா ஷீட்டிலும் புள்ளி வர வேண்டும். ஐயா ஒரு பகுதி என்று எழுதியிருக்கிறீர்கள். எந்தப் பகுதி? தரையில் எந்த இடத்தில் அடுக்கினது? சில நாளில் பச்சை என்றால், எந்த நாளில்? நாற்காலியை இன்னொரு தடவை தூக்குங்கள், ஐயா. எனக்காக வேண்டாம், துரையிடம் பொறுப்பு என்று சொன்னீர்களே, அதற்காக.

பெரியநாயகி

*

சிவமயம்

ஒன்பதாங்கட்டைத் தோட்டம்
12-5-1936

திருமதி பெரியநாயகி அவர்களுக்கு,

முதலில் மன்னிப்பு. தரையை நக்கிப் பார்த்தேன். உப்பு இல்லை. பெரிய கிராணி முழங்காலில் நின்று தரையை நக்குவதைக் கங்காணி பார்த்துவிட்டார், தோட்டம் முழுக்க இப்போது இதுதான் பேச்சு.

நாற்காலியைத் தூக்க இடமில்லை, துரை என்னை ஆபீசை விட்டு நகர விடுவதில்லை. ஆகவே வேறு வழி பார்த்தேன். ஷீட்டுகளைப் பாதி வெறுந்தரையிலும் பாதி பலகை மேலும் அடுக்கச் சொன்னேன். ஒவ்வொரு நாள் ஷீட்டுக்கும் ஓரத்தில் வேறு வேறு அடையாளம் வெட்ட வைத்தேன். அவை புகை வீட்டிலிருந்து இறங்கும்போது ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். சற்குணம் எனக்குப் பைத்தியம் என்று தீர்மானித்துவிட்டாள்.

பலகை மேல் இருந்ததில் புள்ளி இல்லை. ஆகவே கெடுதல் தரையிலிருந்துதான் ஏறுகிறது. இதைப் படித்துத் திடுக்கிட வேண்டாம், மிச்சத்தையும் கேளுங்கள். திங்கள், செவ்வாய், புதன், வியாழன் வெறுந்தரையில் அடுக்கியதிலும் புள்ளி இல்லை. வெள்ளிக்கிழமை உருட்டியது மட்டும் மிளகு தூவி வருகிறது, சனிக்கிழமையதில் அங்கங்கே கொஞ்சம். இரண்டு வாரமும் இப்படித்தான். கிழமை பார்த்துக் கெட்டுப்போகிற சிமெண்டு உலகத்தில் உண்டா?

வெள்ளிக்கிழமை ஸ்டோரில் என்ன விசேஷம் என்று பெத்தம்மாளைக் கூப்பிட்டுக் கேட்டேன். ஒன்றும் இல்லை ஐயா, எப்போதும் போலத்தான் என்றாள். பொய் சொல்கிற முகம் இல்லை. இதற்கு மேல் நான் துருவினால் ஆபத்து. யாருடைய கவனக்குறைவால் ரப்பர் கெட்டது என்று தெரிந்தால் அந்த ஆளைக் குடும்பத்தோடு தோட்டத்தை விட்டு அனுப்புவேன் என்று துரை சொல்லி வைத்திருக்கிறார். கிராணி கேட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். நீங்கள் வாருங்கள். வியாழன் மாலையே வந்து, கூலிக்காரர் வரிசை வீடுகள் இருக்கிற லயத்தில், பெத்தம்மாள் வீட்டில் தங்கிக்கொள்ளுங்கள்.

க. விஜயரட்ணம்

*

முருகன் துணை

தெங்கேரா
16-5-1936

பெரிய கிராணி ஐயா அவர்களுக்கு,

வெள்ளிக்கிழமை ஐயாவைப் பார்க்காமலே பஸ் ஏறி வந்துவிட்டதற்குக் கோபிக்க வேண்டாம். பேச வாய் வரவில்லை. எழுத வருகிறதா பார்க்கிறேன்.

விடியுமுன்னே பெத்தம்மாளும் நாலு பெண்டுகளும் எழுந்து குளித்து, ஈரத்தலையோடு கிளம்பினார்கள். கையில் வாளி. கங்காணி வீட்டு மாட்டுச் சாணியைக் கரைத்து எடுத்துக்கொண்டு, பால் வருமுன்னே ஸ்டோருக்குள் போய்த் தரை முழுக்கத் தெளித்தார்கள். தென்னை விளக்குமாற்றால் ஒரு சீராக இழுத்துவிட்டு, வாசலில் சூடம் கொளுத்திக் கும்பிட்டார்கள். அந்த ஈரம் உலருமுன் முதல் ஷீட்டு அதன் மேல் வந்து உட்கார்ந்தது.

எதுக்கு இதைச் செய்கிறீர்கள் என்று கேட்டேன். பெத்தம்மாள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். "நீங்கதானம்மா செஞ்சு காட்டுனீங்க. அன்னிக்கு இருந்த மாதிரியே இருக்கணும்னு பெரிய கிராணி பெரட்டுல சொன்னாரு" என்றாள்.

ஐயா, நான்தான் செய்தேன். தரை போட்டுக் கொடுக்கிற அன்று சாணி தெளித்துக் கொடுப்பது எங்கள் வீட்டுக்காரர் காலத்து வழக்கம். கடைக்கும் வீட்டுக்கும் செய்கிறது போல ரப்பர் ஸ்டோருக்கும் செய்துவிட்டேன். ஒரு நாளோடு கழுவிப் போயிருந்தால் ஒன்றுமில்லை. அவர்கள் ஒரு வெள்ளி தவறாமல் செய்திருக்கிறார்கள். மணலைத் தின்று பார்த்த எனக்கு, என் கை வாளி ஞாபகத்துக்கு வரவே இல்லை. ஐயாவும் பக்கத்தில்தான் நின்றீர்கள்.

இனித் தெளிக்க வேண்டாம், அதனால்தான் ஷீட்டில் புள்ளி வருகிறது என்று மெதுவாகச் சொன்னேன். பெத்தம்மாள் முகம் சின்னதாகிவிட்டது. "எங்க கை பட்டா ரப்பர் கெட்டுப்போவுதுங்கிறீங்க" என்றாள். அப்படியில்லை என்று எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. அவர்கள் லயத்து வீட்டில் மண் தரை. மழைக்காலத்தில் மெழுகினது மறுநாளே பெயர்ந்துவிடுகிறது. மெழுகினால் நிற்கிற தரை இந்தத் தோட்டத்தில் இது ஒன்றுதான் என்றாள். அதன்பிறகு என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. காலைச் சாப்பாடு மட்டும் வைத்தாள்.

துரையிடம் உண்மையைச் சொன்னால் என் தரை பிழைக்கும், பெத்தம்மாள் பிழைக்க மாட்டாள். சொல்லாவிட்டால் என் தரையும் பேரும் போகும். நான் பழக்கிவிட்டதற்கு அவள் ஊரை விட்டுப் போகக் கூடாது. கண்ட்ராக்டர் செய்த பிழை என்று என் பேரைச் சொல்லிவிடுங்கள். தொழில் போனால் தங்கச்சியோடு இட்லி சுட்டு விற்றுக்கொள்வேன்.

பெரியநாயகி

*

சிவமயம்

ஒன்பதாங்கட்டைத் தோட்டம்
8-6-1936

திருமதி பெரியநாயகி அவர்களுக்கு,

இட்லி சுட வேண்டாம். தரையை உடைக்கவில்லை.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரித்தேன், பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. பிறந்த நாள் முதல் சாணி மெழுகின தரையில் வளர்ந்தவன் நான். என் கண்ணுக்கு முன்னால் கிடந்த பச்சையைப் பாசி என்று எழுதினேன். பெரட்டில் பிரசங்கம் செய்து அந்தப் பெண்டுகளுக்கு வேலை வைத்தவனும் நானே. உங்கள் பேரைச் சொன்னால் என் பேரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், ஆகவே இரண்டையும் சொல்லவில்லை.

துரையிடம் இரண்டு வாரம் தவணை வாங்கினேன். அந்த இரண்டு வெள்ளியும் வெறுந்தண்ணீர் விட்டுக் கழுவ வைத்தேன். ஷீட்டுகளை எடுத்துப்போய் அவர் மேசையில் வைத்தேன். ஒரு புள்ளி இல்லை. என்ன செய்தாய் என்றார். லயத்திலிருந்து வருகிற அழுக்கு தரையில் பட்டு ஷீட்டில் ஏறியிருக்கிறது, அதை நிறுத்தினேன், தரையில் குற்றமில்லை என்றேன். என்ன அழுக்கு என்றார். லயத்தில் எல்லா வீட்டிலும் மண் தரைதான் துரை, மெழுகினால்தான் இருக்க முடியும் என்றேன். அவர் சுருட்டைத் தட்டில் வைத்தார். லயங்களைச் சீர் செய்யச் சொல்லி லேபர் ஆபீசிலிருந்து வந்த கடிதத்தை வருடக்கணக்காக மேசைக்குள் போட்டு வைத்திருந்தவர், அதை எடுத்துவரச் சொன்னார். வாய் முந்திக்கொள்கிற என் குணம் அன்றைக்கு மட்டும் எனக்கு உதவி செய்தது.

அழுக்கு என்று நான் சொன்ன சொல் மனதை உறுத்துகிறது. பெத்தம்மாள் அதைக் கேட்டிருந்தால் என் முகத்தில் விழிக்க மாட்டாள். ஈரத்தலையோடு அவள் கொண்டு போனதற்கு அந்தப் பெயரா என்று சற்குணமும் என்னைக் கடிந்துகொண்டாள். பெத்தம்மாளிடம் இதற்கு எப்படி மன்னிப்புக் கேட்பதென்று எனக்குத் தெரியவில்லை.

முடிவு இது. முதல் வரிசை லயத்துக்குச் சிமெண்டுத் தரை போட உத்தரவாகியிருக்கிறது. மற்ற வரிசைகள் அடுத்த வருடம். கண்ட்ராக்டர் யார் என்று துரை கேட்கவில்லை. அந்த அம்மாளை எப்போது வரச் சொல்கிறாய் என்றுதான் கேட்டார். தார்த் தரைக்காரர் தாம் தவறாகச் சொன்னதாகத் தெங்கேராவில் நாலு பேர் கேட்கச் சொல்ல வேண்டும் என்று அவருக்கும் எழுதிவிட்டேன். மேஸ்திரியின் பெட்டியை அவிழ்க்கச் சொல்லுங்கள்.

க. விஜயரட்ணம்

*

முருகன் துணை

தெங்கேரா
21-7-1936

பெரிய கிராணி ஐயா அவர்களுக்கு,

முதல் வரிசையில் பாதி வீடு முடிந்தது. மேஸ்திரி பெட்டியை அவிழ்த்ததோடு, பக்கத்துத் தோட்டத்து ஸ்டோரையும் அளந்து வந்துவிட்டார். இனி அவர் சிங்கப்பூரைப் பற்றிப் பேச மாட்டார்.

ஐயா ஜுரத்தில் படுத்திருந்ததால் பெத்தம்மாள் வீட்டில் நடந்ததைப் பார்க்கவில்லை, நான்தான் எழுத வேண்டும். அவள் வீட்டைத்தான் முதலில் எடுத்தோம். வேலை நடந்த நாளெல்லாம் வேப்பமரத்தடியில் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தண்ணீர் கேட்டால் பிள்ளையிடம் கொடுத்தனுப்பினாள். சொரசொரப்பு வேண்டுமா, வழவழப்பு வேண்டுமா என்று மேஸ்திரியை விட்டுக் கேட்டேன். பிள்ளை தவழ வேண்டும் என்று பதில் வந்தது. வழவழப்பாகப் போட்டோம்.

சாக்கை எடுத்த அன்று அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பிள்ளைகள் கதவைத் தட்டினார்கள், திறக்கவில்லை. எங்காவது வெடிப்பு விழுந்துவிட்டதோ என்று மேஸ்திரி என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். பிள்ளைகளை வேப்பமரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று திரும்பினேன்.

அப்போது கதவு திறந்தது. அழுதிருக்கிறாள், கண் சிவந்திருந்தது. என்னையே பார்த்தாள். "எத்தனையோ தரை போட்டிருக்கீங்க, ஒண்ணுலயாச்சும் உக்காந்திருக்கீங்களாம்மா? உள்ள வாங்க" என்றாள்.

யோசித்துப் பார்த்தேன், ஐயா. இத்தனை வருஷத்தில் ஒன்றிலும் இல்லை. போட்டோம், கொடுத்தோம், சாமானை வண்டியில் ஏற்றினோம், அவ்வளவுதான். உள்ளே போய்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிள்ளைகள் வந்து நடுவில் படுத்துக்கொண்டார்கள். தரை குளிர்ச்சியாக இருந்தது. காப்பி போட்டுக் கொடுத்தாள், குடித்த பிறகும் எழுந்திருக்க மனசு வரவில்லை. கடைசி பஸ் போய்விட்டது. அங்கேயே தூங்கிவிட்டேன். இந்தக் கடிதம் ஒரு நாள் தாமதமாக வருவது அதனால்தான்.

பெரியநாயகி